நட்சத்திரம் போட்ட பேச்சு

அவர் பிறந்த வீட்டில் பட்டம் என்று சொன்னால் நூல் எங்கே என்றுதான் கேட்பார்கள். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான். அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் கிளம்பிப் போய் முனைவர் பட்டம் வாங்கிவந்து நின்றபோது சொந்தக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. எதில் வாங்கினார் என்று கேட்கும்வரைக்கும்.

"உயிரெழுத்துல, சித்தப்பா."

"உயிரெழுத்தா? அதை நீ ஒண்ணாங்கிளாஸ்லயே முடிச்சிட்டியேடா! மறுபடி உட்கார வெச்சுட்டாங்களா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு இலைகளை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பதில் இது. ஐயாயிரம் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மொழி இருந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று பேர் வாங்கிய பிள்ளைகளையெல்லாம் பெற்றுப் போட்டுவிட்டு அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆதி இந்தோ ஐரோப்பிய மொழி என்று இன்று அதற்குப் பேர். அதைப் பேசினவர்கள் ஒரு எழுத்துகூட எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் முகஜாடையைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைவதுபோல, அந்த மொழியைத் திரும்பக் கட்டுகிறவர்கள் உலகத்தில் சில நூறு பேர் உண்டு. அதில் உயிரெழுத்துகளை மட்டும் கட்டுகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர். மூட்டைக்காரர் மகன் அவர்களில் ஒருவர்.

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் உயிர் சார். "உயிர் சார் வர்றார்டா, உயிரை எடுக்க" என்று பின்பெஞ்சு முனகும். அவருக்குக் கேட்கும். கேட்காததுபோல் கரும்பலகைக்குத் திரும்பிக்கொள்வார்.

"பத்து. சமஸ்கிருதத்துல தச. கிரேக்கத்துல தெக. லத்தீன்ல தெகெம். மூணும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. அப்போ அம்மா எப்படிச் சொல்லியிருப்பா? 'த'வா, 'தெ'வா?"

"ரெண்டு ஓட்டு தெவுக்கு சார்."

"ஓட்டுப் போட்டு முடிவு பண்ண இது தேர்தலா? சாட்சி வேணும்."

சாட்சி எங்கே கிடைக்கும் என்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். ரொம்ப காலம் அறிஞர்கள் எல்லோரும் சமஸ்கிருதத்தின் அகரம்தான் பழசு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தார்கள். சில இடங்களில் அந்த அகரத்துக்கு முன்னால் இருக்கவேண்டிய க, ச-வாக இளகிப் போயிருந்தது. க-வை அப்படி இளக்குவது எகரத்தின் வேலை. அகரம் அந்த வேலையைச் செய்யாது. ஆக, அங்கே ஒரு எகரம் குடியிருந்து, வேஷம் மாறி, போயிருக்கிறது. போகும்போது பக்கத்து வீட்டுக்காரன் மேல் தன் கைத்தடத்தை விட்டுப் போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. அந்த ஆதிமொழியில் தொண்டையிலிருந்து வந்த சில மெய்கள் இருந்தன. பிள்ளை மொழிகளில் அநேகமாக ஒன்றிலும் அவை மிஞ்சவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த எகரத்தை ஒன்று அகரமாக்கிவிட்டது, இன்னொன்று ஒகரமாக்கிவிட்டது, குறிலை நெடிலாக இழுத்துவிட்டது. இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் இந்தத் தடங்களை மட்டும் பார்த்து, 'இங்கெல்லாம் ஏதோ இருந்து தொலைந்திருக்கிறது' என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் காலமானபிறகு, மண்ணைத் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் அதே தாயின் இன்னொரு பிள்ளை மொழியைப் படித்தபோது, அவர் சொன்ன இடங்கள் பலவற்றில் நிஜமாகவே ஒரு மெய் உட்கார்ந்திருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் உயிர் சாருக்குக் கையில் மயிர்க்கூச்செறியும். பின்பெஞ்சுகூடக் கொஞ்சம் நிமிரும்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. திரும்பக் கட்டிய எந்தச் சொல்லுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம் போடவேண்டும். இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நாங்களாகக் கட்டியது என்று அதற்கு அர்த்தம். நட்சத்திரம் போட மறந்தால் பரீட்சையில் மதிப்பெண் போய்விடும்.

வீட்டில் இந்த நட்சத்திரத்தை அதிகமாக உபயோகித்தது அவர் மனைவிதான். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊழியர்களுக்கெல்லாம் குரலம்மா. வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடையில் என்று அவர் சொன்னால், வாயில் பாதி வடையோடு நிற்கிறவன்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரியான பக்கம் ஓடுவான். "ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் என்ன பேசினான்னு இவருக்குத் தெரியும். நான் காலையில என்ன சொன்னேன்னு கேளுங்க, முழிப்பார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பால் வாங்கி வரச் சொன்னதை அவர் மறந்துவிட்டு, "நீ அப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்றால், குரலம்மா காற்றில் விரலால் ஒரு நட்சத்திரம் போட்டுக் காட்டுவார். நீங்களாகக் கட்டினது. கல்லூரிக்குப் போகிற மகளுக்கும் அந்தச் சைகை தொற்றியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரு காலை, அறிவிப்பு அறையிலிருந்து குரலம்மாவின் குரல் பாதி வாக்கியத்தில் குழைந்தது. எல்லா நடைமேடைகளிலும் ஒலிபெருக்கி வழியாக அந்தக் குழைவு கேட்டதாம். புத்தி உள்ள ஒரு போர்ட்டர் மாடிக்கு ஓடியிருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தத்தில் அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார் மருத்துவர்.

பிழைத்தார். நடந்தார். வலது கையில் கொஞ்சம் பலக்குறைவு, அதுவும் தேறி வந்தது. புத்தியில் ஒரு பழுதும் இல்லை. பேச்சில்தான் மெய்யெழுத்துகள் எல்லாம் போய்விட்டன. டீ கேட்டால் "ஈ". சக்கரை வேணாம் என்றால் "அ அ ஐ ஏ ஆ". நாக்கும் உதடும் இருக்கவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. உயிர்கள் மட்டும் ஆதரவில்லாமல் வெளியே வந்தன.

"மெய் மெதுவா வரும். வரிசையெல்லாம் கிடையாது, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற இளம்பெண். "வீட்டுல நிறையப் பேச விடுங்க."

குரலம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கையால் ஒலிவாங்கியைப் பிடிப்பதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினார். திரும்பப் போகமுடியுமா?

"முயற்சி பண்ணலாம்மா" என்றார் பயிற்சிக்காரப் பெண். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

உயிர் சார் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். தொழில் வேலையைத்தான். சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டிக்கொண்டு, மனைவி சொல்கிற ஒவ்வொரு உயிரையும் எழுதினார். கேட்கக் கேட்க அவருக்குத் துலங்கியது. ம இருந்து தொலைந்த இடத்தில் உயிர் மூக்கோடு ஒலித்தது. ல இருந்த இடத்தில் கொஞ்சம் இழுபட்டது. க இருந்த இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறந்தது. தடங்கள்! இருபது வருஷமாகத் தாள்களில் தேடியது உயிரோடு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஊகத்துக்கும் முன்னால் பழக்கதோஷத்தில் நட்சத்திரம் போட்டார். பெரும்பாலும் சரியாக இருந்தது.

"அப்பா, அம்மா மேல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிடாதீங்க" என்றாள் மகள்.

"எழுதினா என்ன? ரொம்ப ஒழுங்கான மாற்றங்கள்."

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். எதிர்வீட்டம்மா குசலம் விசாரித்தால் குரலம்மா "ஆ ஆ" என்று தொடங்குவார், உயிர் சார் "பரவால்லையாம், தூக்கம்தான் குறைவாம்" என்று முடித்துவைப்பார். மருத்துவரே அசந்து போனார். போகப்போக முழுவாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. முதல் உயிர் வந்ததும் மீதியைக் கட்டிவிடுவார். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. சித்தப்பா இப்போது இருந்திருக்கவேண்டும்.

குரலம்மா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. டீ வேண்டுமா என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவருக்கு "ஈ" எதற்கு?

பயிற்சிக்காரப் பெண் கவனித்தார். "போன முறை உதட்டுல ம எட்டிப் பாத்துச்சு. இப்போ அதுவும் உள்ள போயிடுச்சு. வீட்டுல யார் பேசறாங்க?"

"நான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கறேன்மா. ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் உயிர் சார்.

"அது தெரியுது சார்" என்றார் அந்தப் பெண். குரலம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே நிலைய மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேலாளர் அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை; வண்டி எண்களும் நேரங்களும் நீலத்தில் எழுதி அழித்து எழுதி மங்கிப் போயிருந்தன. அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம், உட்காருங்க. நீங்க இல்லாம நடைமேடையெல்லாம் ஊமையா கெடக்கு. இப்ப அறிவிக்கிற பையன் வண்டி போனதுக்கப்புறம்தான் வருதுங்கறான்." சிரித்துவிட்டு, மேசைமேல் இருந்த தாளைத் தடவினார். "சொல்லாம இருக்க முடியல. பதிவு பண்ண குரலைப் போட்டுடலாமான்னு மேல கேக்கறாங்க. புது கால அட்டவணை வரவரைக்கும் நான் தள்ளிப் போடலாம். நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எழுதணும்."

குரலம்மா வாயைத் திறந்தார். "ஏ..."

"வேற ஏதாவது மேஜை வேலை கொடுத்தாப் போதுங்கறாங்க சார்" என்றார் உயிர் சார். "மைக் இனிமே கஷ்டம். அவங்களுக்கே தெரியும்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. இத்தனை நாள் அட்டைகளில் ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். ஏகாரம் காதில் விழுந்தது, மீதி தானாக வந்தது. மனைவி களைத்துப் போயிருப்பார் என்று அவர் மனசுக்குள் எங்கேயோ முடிவு செய்து வைத்திருந்ததும் அதோடு சேர்ந்து வந்தது.

"அப்படியா மேடம்? அப்ப அப்படியே எழுதிடறேன்" என்று மேலாளர் பேனாவை எடுத்தார்.

குரலம்மா எழுந்தார். வெள்ளைப் பலகைக்குக் கீழே இருந்த நீல மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றினார். கணவனிடம் வந்து, அவருடைய வெள்ளைச் சட்டைப் பைமேல், பலம் குறைந்த வலதுகையாலேயே, கோணல்மாணலாகப் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டார்.

மேலாளர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார் இது?"

உயிர் சார் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். இந்த ஒரு குறியை அவர் எத்தனையோ ஆயிரம் சொற்களுக்குப் போட்டிருக்கிறார். தன்மேல் யாராவது போடுவார்கள் என்று நினைத்ததில்லை.

"எழுதாதீங்க சார்" என்றார். "நான் இப்ப சொன்னதை யாரும் சொல்லிக் கேட்டதில்லைன்னு அர்த்தம். நானாக் கட்டினது."

"அப்ப அவங்க என்னதான் சொன்னாங்க?"

தெரியாது. அவருடைய தொழிலில் பேசினவர்கள் எல்லோரும் செத்துப் போனவர்கள். அவர்களிடம் போய்க் கேட்கமுடியாது. அதனால்தான் ஊகம், அதனால்தான் நட்சத்திரம். எதிரில் இருக்கிறவளைக் கேட்கலாம் என்பது, மூச்சுவிடுகிறவளைக் கேட்கலாம் என்பது, இத்தனை வாரமாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மனைவி பக்கம் திரும்பினார். "என்ன சொல்ல வந்தே?"

குரலம்மா உதடுகளைச் சேர்த்தார். பிரிந்துகொண்டன. மறுபடி சேர்த்தார். "ஐ." இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். உயிர் சாருக்குத் தெரிந்துவிட்டது. வாய்வரை வந்ததைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டார்.

"புரியல. திரும்பச் சொல்லு."

கழுத்து நரம்பு புடைக்க, "ம்... ம்ம்மை" என்றார் குரலம்மா.

"மைக்கா?" மேலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "மைக்கா மேடம்? மைக்தான் வேணுமா?"

ஆமாம் என்று குரலம்மா மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினார்; முதலில் வந்த அந்த ஏ, வேணும். தாளில் மேலாளர் என்ன எழுதினார் என்று இருவருக்கும் தெரியாது. புது அட்டவணை வரும்வரை நாற்காலி காலியாகவே இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நீல மை சட்டையைவிட்டுப் போகவில்லை. மகள் அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டிவைத்தாள். வீட்டில் சட்டம் மாறியது. உயிர் சார் ஊகிக்கக் கூடாது. தெரிந்தாலும் தெரியாது. அட்டைகளையெல்லாம் பயிற்சிக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். எந்த மெய் எங்கே தடம் விட்டிருக்கிறது என்று பார்த்து, எதை முதலில் பிடிக்கலாம் என்று முடிவு செய்ய அவருக்கு அது உதவியது. "இதுக்குத்தான் சார் இது" என்று வாங்கிக்கொண்டார்.

உயிர் சாருக்கு அது பெரிய தண்டனை. உப்பு எதிரில் இருக்கிறது, மனைவி "உ-உ" என்கிறார், கை தானாக நீள்கிறது. மகள் தொண்டையைச் செருமுகிறாள். கை பின்வாங்குகிறது.

"புரியல."

"உ...உ!"

"புரியலையே."

"உப்... உப்! உங்...அ...உ மூ...ளை இரு...ஆ?"

"இருக்கு, இருக்கு! மூளை சரியா வந்துச்சு! இன்னொரு தடவை திட்டு!"

மகள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் குரலம்மா திட்டுகிற சாக்கிலேயே பாதி மெய்களைக் கொண்டுவந்துவிட்டார். ப வந்தது, த வந்தது, ண வந்தது. ஒரு மத்தியானம் கணவரின் முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "பயிற்சிதானே" என்றார். அதுவும் தெளிவாக இருந்தது.

க மட்டும் வர மறுத்தது. அறிவிப்பாளருக்குக் க இல்லாமல் எப்படி? முதல் வரியே பயணிகள் கவனத்திற்கு. வாயில் தண்ணீரை வைத்துத் தலையை அண்ணாந்து கொப்பளிக்கச் சொன்னார் பயிற்சிக்காரப் பெண்; தண்ணீர் உருளும் இடம்தான் க-வின் இடமாம். காலை மாலை வீடு முழுக்கக் களகளவென்று சத்தம். "தவளைக் குளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கற மாதிரி இருக்கு" என்றாள் மகள். உயிர் சாரும் பக்கத்தில் நின்று கொப்பளித்தார். எதற்கு என்று கேட்டால், துணைக்கு என்றார்.

அந்த நாள்களில் அவர் ஒரு கட்டுரையையும் முடித்தார். ஆதிமொழியில், தொண்டை மெய்கள் நிறம் மாற்றியதால் வந்ததல்லாமல், சொந்தமாக ஒரு அகரம் இருந்ததா என்பது அவர் பல வருஷமாக மல்லுக்கட்டும் கேள்வி. மூக்கு, உப்பு, வாத்து என்று பொருள்படும் ஆதிச் சொற்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு, இருந்தது என்று அடித்துப் பேசுவார். இந்தமுறை அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டில் "இது எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினார். மற்றச் சொற்கள் முன்பைவிட உறுதியாக நின்றதுபோல்கூட இருந்தது. சக ஆசிரியர் படித்துவிட்டு, "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

புது கால அட்டவணை வரப்போகிற மாதத்தில், கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில், மேலாளர் ஒரே ஒரு அறிவிப்புக்கு அனுமதி கொடுத்தார். ஜனங்களுக்குப் புரிந்தால் நாற்காலி. புரியாவிட்டால் பதிவுக் குரல். அவரும் பொய் சொல்லத் தெரியாதவர்தான்.

உயிர் சாரும் மகளும் முதல் நடைமேடையில் நின்றார்கள். தகர டிரங்குப் பெட்டியோடு ஒரு பெரியவர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண், சீட்டாடும் நாலைந்து பேர். மாலை வண்டி எப்போதும் ஒன்றில்தான் வரும். அன்றைக்கு மூன்றுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள்... கவனத்திற்கு."

க இன்னும் முழுசாக வாயில் இறங்கவில்லை. தொண்டையில் உரசிக்கொண்டு, கொஞ்சம் காற்றோடு வந்தது. உயிர் சாரின் கையில் மயிர்க்கூச்செறிந்தது. எந்தக் காதும் கேட்டதில்லை என்று அவர் நட்சத்திரம் போட்டுப் போட்டு எழுதிய தொண்டை மெய், ஒருவேளை இப்படித்தான் ஒலித்திருக்குமோ என்னவோ. தெரியாது.

"மாலை வண்டி... இன்று... மூன்றாவது நடைமேடையிலிருந்து... புறப்படும்."

நடைமேடையில் யாரும் அசையவில்லை. சீட்டாடுகிறவர்கள் தலையைத் தூக்கினார்கள். மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்த நீல நட்சத்திரச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பெரியவர் பக்கத்தில் நின்ற உயிர் சாரின் முழங்கையைத் தொட்டார். "தம்பி, என்ன சொன்னாங்க? எங்க வருதாம்?"

அவருக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. மூன்று என்று ஒரு சொல் போதும்.

"இன்னொரு தடவை சொல்வாங்க ஐயா" என்றார் உயிர் சார். "கேளுங்க."

ஒலிபெருக்கி ஒரு மூச்சு வாங்கியது. இந்தமுறை அவசரமில்லாமல், ஒவ்வொரு மெய்யையும் அதன் இடத்தில் வைத்து வைத்து வந்தது குரல். பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டார். வாக்கியம் முடிவதற்குள் குழந்தைக்காரப் பெண் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தார். சீட்டுக்கட்டு மடங்கியது.

"மூணாவதா? அட, அதை முதல்லயே சொல்லக்கூடாதா!" என்று முனகிக்கொண்டே பெரியவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"சொன்னாங்க ஐயா, சொன்னாங்க" என்றபடி, உயிர் சார் பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.